சைலன்சருக்குக் கட்டாத கவர்

செப்டம்பர் 7, ஞாயிறு

பூனை மாமா,

இந்த டைரியை நீங்கள்தான் தை மாதம் கொண்டு வந்தீர்கள். உரக்கடையில் சும்மா கொடுத்தார்கள் என்று டிவி மேல் வைத்தீர்கள். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. செண்பாதான் அதைத் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள். "அம்மா, நீ பாட்டுக்கு அப்பாகூட முணுமுணுன்னு பேசிக்கிட்டே திரியுற. தெருவுல ஒரு மாதிரி பாக்காங்க. பேசுறத இதுல எழுது" என்றாள். நான் ஆறாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

உங்களைப் பூனை மாமா என்று வாய்விட்டுக் கூப்பிட்டு இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு மறுநாளே அம்மா என் காதைத் திருகினாள். "இனிமே எந்தம்பி ஒனக்குப் புருசன்டி. பூனை நாயின்னு கூப்பிட்டுத் திரியாத." சின்ன வயதிலிருந்து அந்தப் பச்சைக் கண்ணைப் பார்த்து வைத்த பெயர். ஒரு நாளில் எப்படிப் போகும்? மனசுக்குள் அப்படியேதான் கூப்பிட்டேன். இன்றைக்கு எழுதுகிறேன், அம்மாவும் இல்லை, திருக யாரும் இல்லை.

இன்று உங்கள் தம்பி பால்ராசு மாமா வந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உங்கள் வண்டியைக் கிக்கர் மிதித்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் போகிறார். இன்று மிதித்துவிட்டுச் சொன்னார்:

"ஏட்டி ஆவுடை, வண்டிய வித்துருவோம். அது வாசல்ல நிக்க நிக்க ஒனக்கும் மனசு ஆறாது, எனக்கும் ஆறாது. இருபத்தெட்டாந் தேதி ஒரு ஆளக் கூட்டிட்டு வாரேன். நல்லாக் கழுவி வை."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு ஓட்டத் தெரியாது. செண்பா எட்டயபுரத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

நாலு மாதமாக வண்டியில் ஒருத்தரையும் துணி வைக்க விடவில்லை. மட்கார்டுக்கு அடியில் கரிசல் மண் அப்படியே காய்ந்து கிடக்கிறது. மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி கயத்தாறு பக்கம் பெய்த மழை. நீங்கள் கடைக்குக் கடலை மிட்டாய் போட்டுவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்த அன்றைக்குப் பெய்த மழை.

அன்றைக்குக் காலையில் எல்லா நாளும் போலத்தான் போனீர்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

கழுவவில்லை. மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை அதிகம். கை வலி.

செப்டம்பர் 10, புதன்

தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் வண்டி கழுவ என்ன இருக்கிறது என்று கேட்டேன். மனுஷன் ஒரு தட்டையே எடுத்து வைத்துவிட்டார். பாட்டிலில் வண்டி ஷாம்பு, நுரை வருகிற டப்பா, மெழுகு, டயருக்குப் பூசுகிற கருப்புத் தண்ணீர். மூஞ்சிக்குப் பூசக்கூட எனக்கு இத்தனை வாங்கியதில்லை.

"எது நல்லது அண்ணாச்சி?"

"எல்லாம் நல்லதுதான். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

"அவுக என்ன வாங்குவாக?"

அண்ணாச்சி எல்லாவற்றையும் திருப்பித் தட்டில் அடுக்கினார். கயிற்றில் தொங்கிய தலை ஷாம்பு பாக்கெட்டில் இரண்டைக் கிழித்து என் கையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டுதான். ஒண்ணு டேங்குக்கு, ஒண்ணு வீட்டுக்காரிக்குன்னு சொல்லிட்டு வாங்குவாரு."

எனக்கு நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. "மிச்சம் கெடக்கு, தலைக்குப் போடு" என்றுதான் ஒவ்வொரு வாரமும் எறிவீர்கள். வண்டிக்கு வாங்கியதில் மிஞ்சியது என்றுதான் இத்தனை வருஷமும் போட்டுக் குளித்தேன்.

துணி துவைக்கிற தூள் கூடாது, கருப்பு வெளுத்துவிடும் என்பீர்கள். பைபாஸில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிற இடம் உங்களுக்குப் பிடிக்காது. "அடிச்சுக் குளிப்பாட்டுனா எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?"

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று ஆரம்பித்தேன். முதலில் எறும்பு.

பின்னால் கேரியருக்கு அடியில் வெல்லப்பாகு இறுகிக் கிடக்கிறது. மிட்டாய்ப் பெட்டி வெயிலில் உருகி உருகிச் சொட்டியது. நாலு மாதமாக எறும்பு சாரை சாரையாக வருகிறது. நடு ஸ்டாண்டு வழியாக ஏறிப் போய், ஒரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறது. புதுப் பாகு வராது என்று அதற்கு யார் சொல்வது?

வெல்லத்துக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது, கை பொறுக்கிற சூடு போதும். பழைய பல் பிரஷ். மெதுவாகத் தேய்த்தால் பழுப்பாகக் கரைந்து வரும். அந்த வாசம் வந்ததும் நீங்கள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டது மாதிரி இருந்தது. உங்கள் சட்டையெல்லாம் அந்த வாசம்தான். துவைக்கும்போது எத்தனை தரம் திட்டியிருப்பேன்.

பிறகு சைலன்சர். கறுத்துக் கிடந்தது. புளியும் பாத்திரத் தூளும் போட்டுக் கம்பி நாரால் ஒரு இழுப்பு இழுத்தேன். உள்ளேயிருந்து செண்பா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"எம்மா! அது கொழம்புச் சட்டி இல்ல! கீறல் விழுந்துரும். கம்பி நாரக் கீழ போடு மொதல்ல."

"பின்ன எதுல தேய்க்க?"

"பல்லு வெளக்குற பேஸ்ட்ட துணியில தொட்டு வட்டமா தேய்க்கணும். செயினுக்கு டீசல். ரேசன்ல மண்ணெண்ணெய் நின்ன பெறகு அப்பா டீசல்தான் போடும்."

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வண்டி கழுவ நீங்கள் கண்மாய்க்கல்லவா போவீர்கள். இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரம் அப்படி என்னத்தைக் கழுவுகிறீர்கள் என்று நானும் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். இவளும் வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொள்வாள்.

உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் துடைத்தேன். துணி விஷயம் இங்கே எழுத வேண்டாம்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு இன்னும் பதினாலு நாள். போன வருஷம் நீங்கள் கழுவித் துடைத்து நிறுத்த, நான்தான் டேங்குக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். இந்த வருஷம் நமக்கு விசேஷம் கிடையாது. ஒரு வருஷம் கழிய வேண்டும். கழிந்தாலும் குங்குமம் வைக்க என்னை எவள் விடுவாள்?

செப்டம்பர் 18, வியாழன்

துணி விஷயமே மனதில் ஓடுகிறது. எழுதவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று மண்.

பால்ராசு மாமா வந்து, "திருப்புளிய வச்சு நெம்பிரு, பாளம் பாளமா வந்துரும்" என்றார். எனக்குத் தெரியும் பூனை மாமா, கரிசல் காய்ந்துவிட்டால் சுரண்டக் கூடாது, பெயிண்டையும் சேர்த்துப் பேர்த்துக்கொண்டு வரும். நீங்கள் செய்கிற மாதிரியே சாக்கை நனைத்து மட்கார்டில் போர்த்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நீங்கள் அந்த அரை மணியில் பீடி குடிப்பீர்கள். நான் வெங்காயம் உரித்தேன்.

சாக்கை எடுத்ததும் கையால் தொட்டேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கறுப்பாக ஓடியது. வீணாகப் போகக் கூடாது என்று ஒரு பள்ளம் பறித்துச் செம்பருத்திக்குத் திருப்பிவிட்டேன். உங்கள் சக்கரம் கடைசியாக உருண்ட இடம் இப்போது செம்பருத்தித் தூரில் கிடக்கிறது. பூத்தால் எப்படிப் பூக்கும் என்று பார்க்க வேண்டும்.

போர் தண்ணீரில் கழுவியதால் காய்ந்ததும் டேங்கில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. கடைசிக் குடம் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். எட்டு நாளைக்கு ஒரு தரம் குழாயில் வருகிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறீர்களே என்று நான் குடத்தைக் கட்டிப் பிடிப்பேன். நீங்கள் இழுப்பீர்கள். ஒருநாள் இழுத்த இழுப்பில் குடம் சரிந்து இரண்டு பேரும் நனைந்து, தெருவே சிரித்தது.

இன்று குடத்தைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. அதனால் ஊற்றவில்லை.

செப்டம்பர் 27, சனி

நாளைக்குக் காலையில் ஆள் வருகிறார். அதற்கு முன்னால் ஒரு தரம் முழுசாகக் கழுவிவிட வேண்டும்.

எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஷாம்பு பாக்கெட், வாளி, பிரஷ், வேட்டித் துணி. சைலன்சர் வாய்க்குக் கட்ட ஒரு கவர், பிளக்குக்குக் கட்ட ஒரு கவர். இது இரண்டையும் கட்டாமல் நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டீர்கள். உள்ளே தண்ணீர் போனால் வண்டி கிளம்பாது. மறக்கக் கூடாது என்று இரண்டு ரப்பர் பேண்டையும் இப்போதே கையில் மாட்டிக்கொண்டேன். வளையல் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று கிடக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வந்தார். வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறாராம். பருத்த ஆள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "பரவாயில்லையே, பழைய வண்டின்னு சொல்ல முடியாது. நல்லா வச்சிருந்திருக்காரு மனுசன்" என்றார். பால்ராசு மாமாவுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தக் கேப்போம்."

பால்ராசு மாமா மிதித்தார். ஒன்று, இரண்டு, பத்து. சட்டை நனைந்துவிட்டது. வண்டி உம்மென்று நின்றது.

"போன வாரங்கூட ஒரே மிதியில எடுத்துச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைச் சாய்த்தார். சைலன்சரிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொட்டியது.

வந்தவர் காலை நகர்த்திக்கொண்டார். "என்னவே இது? வண்டின்னு சொன்னீரு. அடிபம்பக் காட்டுதீரு?"

"ஏட்டி ஆவுடை, கவர் கட்டலையா நீ?"

"மறந்துட்டேன் மாமா."

"பிளக்குக்கு?"

"அதும் மறந்துட்டேன்."

"இருவது வருசமா அண்ணன் கட்டுறதப் பாத்தவதான நீ!"

சரிபண்ணி வையுங்கள், பூஜை கழித்து வருகிறேன் என்று அவர் போய்விட்டார். செண்பா வாசல்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

மெக்கானிக் ஆரோக்கியம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். பிளக்கைக் கழற்றி உதறினார்.

"என்ன தங்கச்சி, குளிப்பாட்டச் சொன்னா முக்கி எடுத்திருக்கீங்க?"

வெயிலில் காய வைத்து, ஊதி, துடைத்து, என்னென்னவோ செய்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறக்கச் சாவி கேட்டார். அந்தப் பெட்டிக்கு இதே சாவிதான் என்று எனக்குத் தெரியாது. திறந்தார். திருப்புளிப் பையை எடுத்தார். அதற்குப் பின்னால் கையை விட்டு ஒரு மிட்டாய்க் கவரை எடுத்து, "இது ஒங்களுது போலிருக்கே" என்று நீட்டினார்.

இனி மறைத்து என்ன, எழுதிவிடுகிறேன்.

நான் எழுதாமல் வைத்த துணி அம்மாவின் சுங்குடிச் சேலை. அரக்கில் வெள்ளைப் புள்ளி. அம்மா போன பிறகு அந்த ஒரு சேலையைத்தான் நான் பெட்டியில் வைத்திருந்தேன். மே இருபது, செவ்வாய்க்கிழமை, மழையில் நனைந்து வந்த வண்டியைத் துடைக்க நீங்கள் அதில் ஒரு முழம் கிழித்துவிட்டீர்கள். நான் கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "எங்கக்கா சேலதானட்டி. என்னைய இடுப்புல தூக்கிச் சொமந்தவ. இந்தத் துணி மாதிரி மெத்துனு எதுவும் கெடையாது. எங்கக்கா என்ன, என்னைய அடிக்கவா வரப் போறா?"

நான் அதற்குப் பிறகு பேசவில்லை. செவ்வாய், புதன், வியாழன். தட்டை வைப்பேன், எடுப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, திரும்ப இறங்கி, ஹெல்மெட்டும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஆவுடை, வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?"

நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. விழாத மாதிரி இன்னொரு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நீங்கள் கொஞ்ச நேரம் நின்றீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை நான். பிறகு வண்டிச் சத்தம் போய்விட்டது.

எல்லா நாளும் போலத்தான் போனீர்கள் என்று முதல் நாள் எழுதியது பொய்.

கவரில் அந்த ஒரு முழம் துணி துவைத்து மடித்து இருந்தது. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. எப்போது துவைத்தீர்கள்? துணிக்குள் ஒரு நூல்கண்டு. அதே அரக்கு. கடை கடையாகத் துணியைக் காட்டிக் காட்டித்தான் அந்த நிறத்தை வாங்கியிருப்பீர்கள். நூல்கண்டில் ஒட்டிய தாள்கூடப் பிரிக்கவில்லை.

வண்டி கிளம்பிவிட்டது என்று ஆரோக்கியம் அண்ணாச்சி சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. துணியைப் பாதியாகக் கிழித்தேன். ஒரு பாதியை உங்கள் நூலால் சேலையோடு சேர்த்துத் தைத்தேன். என் தையல் கோணல். நீங்கள் இருந்தால் சொல்லிச் சிரிப்பீர்கள். இன்னொரு பாதியை வண்டி சீட்டின் மேல் வைத்தேன்.

சாயங்காலம் பால்ராசு மாமா வந்தார். பூஜைக்கு மறுநாளே ஆளைக் கூட்டி வருகிறேன் என்றார்.

"வண்டிய விக்கல மாமா."

"என்னட்டி சொல்லுத? ஓட்ட ஆளில்லாத வண்டிய வச்சு என்ன செய்யப் போற? பூஜை போடுவியா?"

செண்பா செருப்பை மாட்டினாள், சாவியை எடுத்தாள், வண்டியில் ஏறி ஒரே மிதியில் கிளப்பினாள். தெருவின் கடைசி வரை போய், வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். எனக்கு வாய் மூடவில்லை.

"சித்தப்பா, நீங்க பத்து மிதி மிதிச்சீங்க. நான் ஒண்ணு."

"எப்படி எப்போ கத்துக்கிட்ட?" என்றார் அவர்.

"கண்மாய்லதான். கழுவ அரை மணி நேரம், ஓட்டிப் பழக ஒன்ற மணி நேரம். வரும்போது நாந்தான் ஓட்டிட்டு வருவேன். தெரு முக்குல எறங்கி எடம் மாறிக்கிடுவோம். அம்மா வையும்னு அப்பாவுக்குப் பயம்."

ஆக, அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கணக்கு வந்துவிட்டது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி கியரு வண்டி?" என்று பால்ராசு மாமா ஆரம்பித்தவர், சீட்டின் மேலிருந்து செண்பா எடுத்துத் தோளில் போட்டிருந்த துணியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். வாங்கினார். விரித்துப் பார்த்தார்.

"அக்கா சேலையா?"

"ஆமா."

கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை. போகும்போது செண்பாவிடம், "ஹெல்மெட் இல்லாம ஏறுனேன்னு தெரிஞ்சுது, காலை ஒடிச்சிருவேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு செண்பா என் கையைத் தூக்கிப் பிடித்தாள். கழற்ற மறந்த ரப்பர் பேண்ட் இரண்டும் அப்படியே கிடந்தன.

"கவர் கட்ட மறந்தவ கையில ரப்பர் பேண்டு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

"ஏட்டி, போய் வேலையப் பாரு" என்றேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

பூனை மாமா,

தெருவில் எல்லா வண்டிக்கும் மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நம் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் கழுவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. விடிந்ததும் கழுவினேன்.

முதலில் சைலன்சருக்கு ஒரு கவர், பிளக்குக்கு ஒரு கவர். ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு சுற்று. பிறகு ஷாம்பு. ஒரு பாக்கெட் டேங்குக்கு. இன்னொன்று எனக்கு, அதை மாடக்குழியில் வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீர். குடத்தைத் தூக்கும்போது கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகு முழுசாக ஊற்றினேன்.

அம்மாவின் துணியால்தான் துடைத்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அதைப் போல மெத்தென்று எதுவும் இல்லை. டேங்கில் ஒரு துளி உப்புக்கூடப் பூக்கவில்லை. குனிந்தால் என் முகம் தெரிகிறது. பொட்டில்லாத நெற்றி எனக்கும் அதற்கும் ஒரே மாதிரி.

செண்பாவுக்கு இன்றைக்கு லீவு. "அப்பா போற லைன்ல ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்மா. கயத்தாறு வரைக்கும்" என்கிறாள். அந்த டீக்கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெஞ்சையும் பார்த்ததில்லை. போகலாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டி கட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். வெல்ல வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எறும்பும் இரண்டு மூன்று இருக்கிறது.

செண்பா வண்டியைக் கிளப்பிவிட்டாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டு, இரு என்று சொல்லி இறங்கி வந்து, அடுப்படி வாசலில் நின்று இதை எழுதுகிறேன். ஹாரன் அடிக்கிறாள்.

மாமா, வரும்போது உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?